மாத்திரைக்கு ஒரு கைப்பிடி

ஒன்பதாம் வகுப்பில் கழிவுநீக்க மண்டலம் நடத்தும்போது நாம் எல்லோரும் நெஃப்ரானைக் கரும்பலகையில் வரைகிறோம். பௌமானின் கிண்ணம், குளோமருலஸ், ஹென்லே வளைவு என்று பாகங்களைக் குறிக்கச் சொல்கிறோம். யூரியா, யூரிக் அமிலம், உப்புகள், மிகுதியான நீர் ஆகியவை வெளியேறுகின்றன என்று முடிக்கிறோம். தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து, "சார், காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரையும் இது வழியாத்தான் வெளியே போகுமா?" என்று கேட்டால், "ஆமாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட முடியாது. வழி அதுதான். ஆனால் மாத்திரையில் இருக்கும் மருந்து பெரும்பாலும் அந்த வழியில் அப்படியே போக முடியாது. அதற்கு முன் கல்லீரலில் ஒரு வேலை நடந்தாக வேண்டும்.

அந்த வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் எளிது. நம் மாணவர்களின் வீடுகளில் பாராசிட்டமால் இல்லாத வீடு அரிது. அதை எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் கல்லீரலின் இந்த வேலையைப் பொறுத்தே அமைகிறது. வீட்டில் தம்பிக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பது பல நேரங்களில் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அக்காதான்.

முதலில் சிறுநீரகத்தின் சிக்கலைப் பார்ப்போம். நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவது சுமார் ஒன்றரை லிட்டர். மீதி அத்தனையும் நுண்குழல்களின் சுவர் வழியாக இரத்தத்துக்கே திரும்புகிறது. இதை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இதிலிருந்து கிடைக்கும் ஒரு விளைவை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். செல் சவ்வு பெரும்பாலும் கொழுப்புப் பொருளால் ஆனது. நாம் விழுங்கும் மருந்துகளில் பல ஓரளவாவது கொழுப்பில் கரையக்கூடியவை. அந்தக் குணம் இருப்பதால்தான் அவை குடற்சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் வருகின்றன. உள்ளே வருவதற்கு உதவிய அதே குணம் வெளியே போகும்போது குறுக்கே நிற்கிறது. குளோமருலஸ் மருந்தை வடிகட்டி நுண்குழலுக்குள் தள்ளிவிடும். அங்கே நீர் திரும்ப உறிஞ்சப்பட உறிஞ்சப்பட, குழலுக்குள் மருந்தின் செறிவு கூடும். கூடியதும் மருந்து சவ்வைக் கடந்து மறுபடி இரத்தத்துக்குள் நழுவிவிடும். கிணற்றில் இறைத்த தண்ணீரை ஓட்டை வாளி கிணற்றிலேயே கொட்டுகிற கதைதான்.

கல்லீரல் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி அழகானது. மருந்தின் மூலக்கூறோடு நீரை மிகவும் விரும்பும் இன்னொரு சிறு மூலக்கூறைக் கோத்துவிடுகிறது. கோத்த பிறகு அந்த மொத்தப் பொருளும் நீரில் நன்றாகக் கரைகிறது. கொழுப்புச் சவ்வைக் கடக்க முடிவதில்லை. நுண்குழலுக்குள் போனால் போனதுதான். திரும்பி வராது. ஆங்கிலத்தில் இதைக் கான்ஜுகேஷன் என்பார்கள். இணைப்பு வினை என்று நாம் சொல்லலாம். பாக்டீரியாக்களின் இனப்பெருக்கப் பகுதியில் வரும் இணைவும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் வகுப்பில் "கைப்பிடி மாட்டுவது" என்றே சொல்கிறேன். கொதிக்கிற பாத்திரத்தை இடுக்கி போட்டுத் தூக்கி வெளியே வைப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த காரியம்.

மஞ்சள் தூளில் ஒரு சோதனை

இதைக் காட்டப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், சலவைச் சோடா, மூன்று கண்ணாடி டம்ளர், வடிதாள் போதும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எண்ணெயை விரும்பும் மூலக்கூறு. முதல் டம்ளரில் மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டினால், வடிநீர் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். நிறத்தின் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடும். இரண்டாவது டம்ளரில் தண்ணீரோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் விட்டு மஞ்சளைக் கலக்கிச் சிறிது நேரம் வைத்தால், மேலே மிதக்கும் எண்ணெய் பொன்னிறமாகிவிடும். மூன்றாவது டம்ளரில் மஞ்சள் கலந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவைச் சோடாவைப் போட வேண்டும். நிறம் சிவப்பாக மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். காரத்துக்கு மஞ்சள்தாள் சோதனை நாம் செய்வதுதான். இப்போது அதை வடிகட்டிப் பாருங்கள். வடிநீரும் சிவப்பாக வரும். காரத்தில் குர்குமின் மின்னூட்டம் பெறுகிறது. மின்னூட்டம் பெற்றதும் தண்ணீரோடு போய்விடுகிறது. சலவைச் சோடாவை ஆசிரியரே கையாள்வது நல்லது.

இங்கே நடந்தது இணைப்பு வினை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்னூட்டம் வந்தால் எண்ணெயை விரும்பும் பொருளும் நீருக்கு வரும் என்பதை மட்டுமே இந்தச் சோதனை காட்டுகிறது. கல்லீரல் மாட்டும் கைப்பிடிகளில் முக்கியமானவை இரத்தத்தின் காரஅமிலத் தன்மையில் மின்னூட்டத்தோடு இருப்பவை. அதுதான் தொடர்பு. பத்தாம் வகுப்பில் சோப்பு மூலக்கூறின் நீர் விரும்பும் தலை, நீர் வெறுக்கும் வால் நடத்தும்போது இதே கருத்தை மறுபடி தொட்டுக் காட்டலாம்.

மஞ்சளை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் சாப்பிடும் குர்குமினுக்கும் நம் குடலும் கல்லீரலும் இதே கைப்பிடியை மாட்டிச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிடுகின்றன. அதனால் அது இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. கைப்பிடி மாட்டும் வேலையைப் பைப்பரின் தாமதப்படுத்துகிறது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் நம் வழக்கத்தோடு இது பொருந்துகிறது என்று பிள்ளைகள் மகிழ்வார்கள், மகிழட்டும். அதே காரணத்தால், செறிவூட்டிய மிளகுச் சத்து மாத்திரைகளை வேறு மருந்துகளோடு மருத்துவரைக் கேட்காமல் சேர்த்து எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். குறைக்க வேண்டிய மருந்து இரத்தத்தில் கூடிவிடும்.

கெல்லர் விழுங்கிய அமிலம்

யூரியாவைச் செயற்கையாகத் தயாரித்த வோலரை வேதியியல் ஆசிரியர்கள் அறிவோம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அவருடைய ஆய்வகத்தில் வில்ஹெல்ம் கெல்லர் என்பவர் 1842இல் ஒரு காரியம் செய்தார். இரவில் சுமார் 2 கிராம் பென்சாயிக் அமிலத்தைத் தானே விழுங்கினார். மறுநாள் தன் சிறுநீரைச் சோதித்தார். அதில் ஹிப்பூரிக் அமிலம் படிகமாகக் கிடைத்தது. குதிரையின் சிறுநீரில் ஏற்கெனவே அறியப்பட்ட பொருள் அது. 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை. பென்சாயிக் அமிலத்தோடு கிளைசின் என்ற அமினோ அமிலம் கோத்தால் ஹிப்பூரிக் அமிலம் வரும். உடம்பு பொருள்களைச் சிதைக்க மட்டுமே தெரிந்த அடுப்பு என்று நினைத்திருந்த காலத்தில், அது புதிதாக ஒன்றைக் கட்டவும் செய்கிறது என்று காட்டிய சோதனை இது. மனித உடலில் இணைப்பு வினையைத் தெளிவாகக் காட்டிய தொடக்கக் காலச் சோதனைகளில் ஒன்று.

இன்று ஜாம், சாஸ், பழச்சாறு பாட்டில்களின் மேல் சோடியம் பென்சோயேட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அவற்றைச் சாப்பிடும் ஒவ்வொருவரும் கெல்லரின் சோதனையைத் தெரியாமலே திரும்பச் செய்கிறார்கள். யாரும் இதற்காக விழுங்கிப் பார்க்க வேண்டியதில்லை என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். தன்மேலேயே சோதனை செய்துகொள்ளும் துணிச்சல்காரர்கள் எட்டாம் வகுப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கிளைசின் தவிர வேறு கைப்பிடிகளும் உண்டு. அதிகம் பயன்படுவது குளுகுரோனிக் அமிலம். இது குளுக்கோசிலிருந்து கல்லீரலே தயாரிப்பது. அடுத்தது சல்பேட். மூன்றாவது குளுட்டாதயோன், மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு கோவை. சல்பேட்டுக்கும் குளுட்டாதயோனுக்கும் வேண்டிய கந்தகம் நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து, அதாவது மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் எதனால் என்று கேட்டால் மாணவர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்பார்கள். அந்தக் கந்தகம்தான் நல்ல முட்டையாகச் சத்துணவில் சாப்பிடும்போது கல்லீரலுக்குக் கைப்பிடி செய்யும் பொருளாகிறது. சத்துக்குறைவான குழந்தையிடம் குளுட்டாதயோன் இருப்பு குறைவு. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

எல்லா மருந்திலும் நேரடியாகக் கைப்பிடி மாட்ட இடம் இருக்காது. அப்படிப்பட்டவற்றில் முதலில் ஆக்சிஜனேற்றம் நடந்து ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உருவாகும். ஆணி அடித்த பிறகு கயிறு கட்டுவது போல. பாராசிட்டமாலில் அந்த ஆணி ஏற்கெனவே இருக்கிறது.

பாராசிட்டமால் போகும் வழிகள்

பெரியவர் ஒருவர் உரிய அளவில் பாராசிட்டமால் எடுத்தால், அதன் நூறு மூலக்கூறுகளில் ஏறத்தாழ 50 முதல் 60 வரை குளுகுரோனிக் அமிலத்தோடு கோக்கப்பட்டுச் சிறுநீரில் போகும். 30 முதல் 40 வரை சல்பேட்டோடு போகும். எதுவும் மாட்டாமல் அப்படியே வெளியேறுவது ஐந்துக்கும் குறைவு. இதுவரை எல்லாம் நலம்.

மீதியுள்ள 5 முதல் 10 வரைதான் கவலைக்குரியவை. இவற்றைக் கல்லீரலின் சைட்டோகுரோம் பி-450 வகை நொதிகள் ஆக்சிஜனேற்றம் செய்து, செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும் ஒரு விளைபொருளாக மாற்றுகின்றன. பிறந்த கணத்திலேயே அந்த நச்சைக் குளுட்டாதயோன் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் அது தீங்கற்றதாகி வெளியே போய்விடும். தினமும் கோடிக்கணக்கானோர் பாராசிட்டமால் எடுத்தும் ஒன்றும் ஆகாததற்கு இந்தக் காவலாளிதான் காரணம்.

அளவு கூடினால் என்ன ஆகும்? சல்பேட் இருப்பு முதலில் தீர்ந்துபோகும். குளுகுரோனிக் வழியும் நெரிசலாகும். மிஞ்சிய மருந்து மூன்றாவது வழிக்குத் திரும்பும். நச்சு பெருகும், குளுட்டாதயோன் கரையும். அது இயல்பான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால், பிடிக்க ஆளில்லாத நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். 1973இல் அமெரிக்காவில் மிட்செலும் அவரது குழுவினரும் இதை எலிகளில் படிப்படியாகக் காட்டினார்கள். அந்த அறிவிலிருந்தே மாற்று மருந்தும் பிறந்தது. குளுட்டாதயோன் செய்யத் தேவையான சிஸ்டீனை அசிட்டைல்சிஸ்டீன் என்ற வடிவில் கொடுத்தால் காவலாளிகள் மீண்டும் உருவாவார்கள். எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் 1970களில் இதை நோயாளிகளுக்கு ஊசியாகச் செலுத்திப் பயனைக் காட்டினார். இன்றும் அதுதான் மருந்து.

இதை நான் புளியங்கொட்டையை வைத்து நடத்துகிறேன். மூன்று கிண்ணங்கள். முதல் கிண்ணத்தில் ஒரு சுற்றுக்குப் பத்துக் கொட்டைதான் போடலாம், இரண்டாவதில் ஆறு. மூன்றாவதற்கு வரம்பு இல்லை. ஆனால் அதில் விழும் ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு சோழியை ஜோடி சேர்க்க வேண்டும். கையில் இருப்பது ஐந்து சோழி மட்டுமே. ஜோடி கிடைக்காத கொட்டையைத் தரையில் சாக்பீஸால் வரைந்த கல்லீரல் படத்தின் மேல் வைக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் பதினெட்டுக் கொட்டை. பத்து, ஆறு, மீதி இரண்டுக்கு இரண்டு சோழி; கல்லீரல் படம் காலியாக இருக்கும். அடுத்த ஆட்டத்தில் நாற்பது கொட்டை. பத்தொன்பது கொட்டைகள் படத்தின் மேல் குவியும். அளவை இரண்டு மடங்கைவிடச் சற்றுக் கூட்டினோம். கேடு இல்லாத நிலையிலிருந்து படமே மூடிப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. எண்கள் விளையாட்டுக்கானவை, உண்மை உடலில் இவ்வளவு கூர்மையான வரம்புகள் இல்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் "ரெண்டு மாத்திரை போட்டா சீக்கிரம் விடும்ல சார்?" என்ற கேள்விக்கு நான் எவ்வளவு பேசினாலும் ஏறாதது, தரையில் குவிந்த புளியங்கொட்டையைப் பார்த்ததும் ஏறிவிடுகிறது.

வீட்டில் பூனை வளர்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. பூனைக்குப் பாராசிட்டமாலில் குளுகுரோனிக் கைப்பிடியை மாட்டும் திறன் மிகக் குறைவு. நம் வீட்டு மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடக்கூடும். இரக்கப்பட்டும் கொடுக்கக் கூடாது.

பிறந்த குழந்தையின் கல்லீரல்

கைப்பிடி மாட்டும் திறன் பிறக்கும்போதே முழுதாக வந்துவிடுவதில்லை. குளுகுரோனிக் அமிலத்தைக் கோக்கும் நொதிகள் பச்சிளங்குழந்தையிடம் மிகக் குறைவு. சிறு குழந்தைகள் பாராசிட்டமாலுக்குச் சல்பேட்டையே அதிகம் நம்பியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதை நெருங்கும்போதுதான் பெரியவர்களின் விகிதம் வருகிறது. 1950களில் குளோராம்பினிகால் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தைப் பச்சிளங்குழந்தைகளுக்கு எடைக்குப் பொருந்தாத அளவில் கொடுத்தபோது, அது வெளியேற வழியின்றி இரத்தத்தில் சேர்ந்தது. உடல் சாம்பல் நிறமாகிக் குழந்தைகள் இறந்தன. 1959இல் காரணம் வெளிப்பட்ட பிறகே அளவு மாறியது. குழந்தையைச் சிறிய உருவில் உள்ள பெரியவராக நினைத்து மருந்தைப் பாதியாக்கிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியாது.

நமக்கெல்லாம் பழக்கமான ஒன்றும் இதில் சேர்த்தி. பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் பல குழந்தைகளுக்கு உடல் மஞ்சளிக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் கொழுப்பில் கரைவது. அதன் மேல் குளுகுரோனிக் அமிலத்தை மாட்டிப் பித்தநீர் வழியாக அனுப்புவது கல்லீரலின் வேலை. நொதி குறைவாக இருப்பதால் சில நாள்கள் அது தேங்குகிறது. ஆய்வகச் சீட்டில் நேரடி, மறைமுக பிலிருபின் என்று இரண்டு எண்கள் இருப்பதை ஆசிரியர்கள் பார்த்திருப்பீர்கள். கைப்பிடி மாட்டியது நேரடி, மாட்டாதது மறைமுகம். எந்த எண் கூடியிருக்கிறது என்பதை வைத்தே கோளாறு கல்லீரலுக்கு முன்னாலா பின்னாலா என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்குகிறார்.

இந்த மஞ்சள் காமாலைக்கு நீல ஒளியில் வைக்கும் சிகிச்சை ஒரு செவிலியரின் கண்ணிலிருந்து வந்தது. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் செவிலியர் ஜீன் வார்டு. வெயில் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடல் வெளிறியிருந்தது, ஒரு முக்கோணப் பகுதி மட்டும் அழுத்தமான மஞ்சளாக இருந்தது. துணியின் நுனி மூடியிருந்த இடம் அது. அதே மருத்துவமனையில் சன்னலோர வெயிலில் கிடந்த இரத்த மாதிரியிலும் பிலிருபின் குறைந்திருந்தது தெரியவந்தது. 1958இல் கிரீமரும் அவருடன் இருந்தவர்களும் இதை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒளி பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றுகிறது. உள்ளே மடங்கி மறைந்திருந்த நீர் விரும்பும் தொகுதிகள் வெளியே தெரிகின்றன. கைப்பிடி மாட்டாமலே அது வெளியேறிவிடுகிறது. உற்றுநோக்கல் என்ற திறனைப் பற்றிப் பயிற்சிகளில் நாம் நிறையக் கேட்கிறோம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் இந்த முக்கோணம்தான் நினைவுக்கு வரும். மஞ்சளித்த குழந்தையை வீட்டு வாசல் வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்துவது மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஈடாகாது என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம்.

ஆளுக்கு ஆள் வேகம்

ஒரே வயதிலும் எல்லோருடைய கல்லீரலும் ஒரே வேகத்தில் கைப்பிடி மாட்டுவதில்லை. இதை உலகுக்குத் தெளிவாக்கியதில் சென்னைக்குப் பங்குண்டு. 1956இல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில் ஐசோனியசிட் மருந்து நோயாளிகளின் உடலில் எவ்வளவு வேகமாகச் செயலிழக்கிறது என்று அளந்தார்கள். இந்த மருந்துக்கு மாட்டும் கைப்பிடி அசிட்டைல் தொகுதி. சிலரிடம் அது வேகமாக நடக்கிறது, சிலரிடம் மெதுவாக. தென்னிந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவாகச் செய்பவர்கள். இது மரபுவழி வருவது. தினமும் மாத்திரை எடுக்கும் முறையில் இரு சாராரும் ஒரேபோலக் குணமானார்கள். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுத்தபோது வேகமானவர்களுக்குப் பலன் குறைந்தது. மெதுவானவர்களுக்குக் கை கால் எரிச்சல் வரும் வாய்ப்பு கூடுதல். அதற்காகவே பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினும் சேர்த்துத் தருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் நடத்துவோர் மெண்டலின் பட்டாணிக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க நம்மூர் எடுத்துக்காட்டு இது.

கைப்பிடி மாட்டுவது எப்போதும் நன்மையில்தான் முடியும் என்றும் சொல்ல முடியாது. பழைய சல்பா மருந்துகள் சிலவற்றில் அசிட்டைல் மாட்டியதும் கரைதிறன் குறைந்து சிறுநீரகத்தில் படிகம் தங்கும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னது அதனால்தான். மார்பினோடு குளுகுரோனிக் அமிலம் சேர்ந்து வரும் ஒரு சேர்மம் மார்பினைவிட வலிமையானது. இந்த விதிவிலக்குகளை மேல்நிலை வகுப்புகளில் மட்டும் சொன்னால் போதும்.

கணக்கு வகுப்புக்கும் கொஞ்சம்

ஏழு, எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர்கள் விகிதம் நடத்தும்போது இதை எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குப் பாராசிட்டமாலை மருத்துவர்கள் எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள்: ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம், வேளைகளுக்கு நடுவே நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு? 300 மில்லிகிராம். அந்தப் பிள்ளைக்கு அப்பா போடும் 650 மாத்திரையை முழுதாகக் கொடுத்தால்? ஒரு கிலோவுக்கு 32.5 மில்லிகிராம், வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னும் முக்கியமான கணக்கு சொட்டு மருந்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சிரப்புகளில் சிலவற்றில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம், சிலவற்றில் 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கலாம். பாட்டில் சிறியது, குழந்தைக்கானது. அதனால் மருந்தும் மென்மையானது என்று வீட்டில் நினைப்பார்கள். 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம், அதாவது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சிரப்பு என்று நினைத்து ஒரு 5 மில்லி மூடி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். மூன்று மடங்குக்கும் மேல். நாளுக்கு நான்கு முறை, மூன்று நாள் இது தொடர்ந்தால் என்ன ஆகும் என்று புளியங்கொட்டை ஆடிய பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சமையலறைக் கரண்டியால் மருந்து அளக்கக் கூடாது என்பதற்கு, நான்கைந்து வீட்டுக் கரண்டிகளைக் கொண்டுவரச் சொல்லி அளவு உருளையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் போதும்.

காலி மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்வேன். குரோசின், கால்பால், டோலோ என்று பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வாசிக்க வேண்டும். மூன்றிலும் பாராசிட்டமால். சளிக்கு வாங்கிய சிரப்பின் அட்டையிலும் பல நேரம் அதே பெயர் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டு பெயரில் கொடுத்தாலும் கல்லீரலுக்குப் போவது ஒரே மருந்துதான். வீட்டுப்பாடமாக இதைக் கொடுத்தால் பிள்ளைகளோடு பெற்றோரும் அட்டையைப் படிக்கத் தொடங்குகிறார்கள்.

பள்ளியில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மேசை இழுப்பறையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை நான் வைத்துக்கொள்வதில்லை. காலையில் வீட்டில் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று நமக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெற்றோருக்குச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன். எடையும் கடைசியாக மருந்து கொடுத்த நேரமும் எழுதிய துண்டுச் சீட்டைக் கூடவே கொடுத்தனுப்பினால் அங்கே இருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

ஒருவேளை ஒரு குழந்தை விளையாட்டாக மாத்திரைகளையோ சிரப்பையோ நிறைய விழுங்கிவிட்டது தெரிந்தால், அன்றைக்கு அது நன்றாக விளையாடுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதல் நாளில் லேசான குமட்டல் மட்டும் இருக்கலாம். அதுவும் இல்லாமல் இருக்கலாம். குளுட்டாதயோன் தீர்ந்து கல்லீரல் கெடத் தொடங்குவது வெளியே தெரிய ஒரு நாளுக்கு மேல், சில வேளை மூன்று நாள் வரை ஆகும். அசிட்டைல்சிஸ்டீன் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் பலன் மிக அதிகம். 108ஐ அழையுங்கள். விழுங்கியிருக்கக்கூடிய நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது என்று அங்கே முதலில் கேட்பார்கள்.